வாடகை வாக்கர், எல்போ கிரட்ச், கைத்தடி: இடுப்பு மூட்டு மாற்றிய பின் பதினொரு வாரம்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் பாதி இடம் தறிக்குப் போய்விடும். தறிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து பதினெட்டு அங்குலம். வாக்கரின் அகலம் இருபத்திரண்டு அங்குலம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று சாயந்திரம், நடுவீட்டுக்குப் போக முடியாமல் அந்தச் சந்தின் வாயில் நின்றபோதுதான் பெரியவன் டேப் எடுத்து அளந்தான். உங்கள் வீட்டில் யாருக்காவது இடுப்பு மூட்டு மாற்றப் போகிறார்கள் என்றால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்பே பாத்ரூம் கதவையும் நடையையும் அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவர எங்களுக்கு ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது. அதுவரை தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

நான் 1962இல் பிறந்தவள். நாற்பது வருஷம் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்தேன். ஐந்தாறு வருஷமாக வலது தொடையிடுக்கில் வலி. முழங்கால் வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் வலி அங்கேதான் இறங்கும். எக்ஸ்ரேயில் பார்த்தால் முழங்கால் நன்றாக இருக்கிறது, இடுப்புக் கிண்ணத்தில் இருந்த வழுவழுப்பு முழுக்கத் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது. அரசு ஆஸ்பத்திரியில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், தை மாதக் கடைசியில் ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் ஒரு மாதிரியைக் கையில் வைத்துக் காட்டினார்: உலோகப் பந்து, அது உட்காரும் பிளாஸ்டிக் கிண்ணம். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் அந்த பிளாஸ்டிக்கை 1962இல்தான் இதற்குக் கொண்டுவந்தாராம். நான் பிறந்த வருஷம். அதைக் கேட்டதும் மனசுக்குள் ஒரு தைரியம் வந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

ஆபரேஷனைப் பற்றி எழுத எனக்கு ஞானம் இல்லை. அதற்குப் பிறகு கையில் பிடித்து நடந்த சாமான்களைப் பற்றி எழுத இருக்கிறது. ஒரு வாக்கர் வாங்கித் திருப்பி, இன்னொன்று வாடகைக்கு எடுத்து, ஓசியில் வந்த கட்டை ஒன்றை இரண்டு நாள் வைத்துப் பார்த்து, எல்போ கிரட்ச் (முன்கையில் மாட்டிக்கொள்கிற ஊன்றுகோல்) ஒன்றும் கைத்தடி ஒன்றும் வாங்கினேன். பதினொரு வாரத்தில் இவ்வளவும் என் கையில் வந்து போயின.

முதல் வாக்கர் அவசரத்தில் வந்தது. மறுநாளே எழுந்து நிற்க வைப்போம், வாக்கர் கொண்டு வாருங்கள் என்று வார்டில் சொன்னார்கள். சின்னவன் ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்த கடையில் ஒன்று வாங்கி வந்தான். 1,400 ரூபாய். யாருக்கு, எவ்வளவு உயரம், எந்தக் கால் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றான். நான் ஐந்தடி. அந்த வாக்கரை முழுக்க இறக்கி வைத்தாலும் எனக்கு உயரம். பிடித்தால் தோள் இரண்டும் காதோடு ஒட்டும். போதாததற்கு, உயரம் மாற்றுவதற்காகக் காலில் இருக்கிற ஓட்டைகளில், ஒரு கால் மட்டும் அடுத்த ஓட்டையில் மாட்டியிருந்தது, அதனால் அது நாலு காலில் நிற்காமல் மூன்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் இடுப்பு வலியை விடக் கழுத்து வலி அதிகமாகிவிட்டது. ஆபரேஷன் செய்தால் இப்படித்தான் இருக்கும்போல என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் தண்ணீர்க் குழாயடியில் வழுக்கியது. சிமெண்டுத் தரை, மேலே சோப்புத் தண்ணீர். வாக்கரின் முன்கால்கள் இரண்டும் சறுக்கிக்கொண்டு முன்னே போயின, நான் பின்னால் சாய்ந்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் "அக்கா!" என்று கத்திக்கொண்டே என் இடுப்பை வளைத்துப் பிடித்துவிட்டாள். புது மூட்டு வைத்த முதல் வாரங்களில் விழுந்தால் பந்து கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் அத்தனை முறை சொல்லி அனுப்பியிருந்தார்கள். கை கால் நடுக்கம் அடங்க அரைமணி ஆனது. அப்புறம் வாக்கரைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் உள்ள ரப்பர் புஷ் நாலும் வழுக்கை டயர் மாதிரி. புதுசு என்று விற்ற சாமான்! திருப்பிக் கொடுக்கப் போனதற்குப் பாதிப் பணம்தான் கிடைத்தது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி பார்க்கிற பெண் ஒருத்தி வீட்டுக்கு வருவாள். என் பேத்தி வயது இருக்கும். அவள்தான் என்னை நிற்க வைத்து, "செருப்பு போட்டுக்குங்கம்மா. வீட்டுக்குள்ள எதப் போட்டு நடப்பீங்களோ அதையே போடுங்க" என்றாள். போட்டேன். "கைய ரெண்டும் சும்மா தொங்க விடுங்க." விட்டேன். மணிக்கட்டில் ஒரு கோடு மடியும் பாருங்கள், அங்கிருந்து தரைவரை அளந்தாள். முப்பது அங்குலம். வாக்கரானாலும் தடியானாலும் கைப்பிடி அந்த உயரத்துக்கு வர வேண்டும். அப்படி வந்தால் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடிந்திருக்கும், அமுக்கினால் கைக்கு வலு கிடைக்கும். கை முழுக்க நீண்டிருந்தால் தடி உயரம் குறைவு, தோள் தூக்கினால் அதிகம். இதை அளக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷம் இல்லாததால் நான் ஒன்பது நாள் கழுத்து வலியோடு இருந்திருக்கிறேன்.

அவள் சொல்லித்தான் ஐந்து ரோடு பக்கம் உள்ள அந்த வாடகைக் கடைக்குப் போனோம். பெயர்ப் பலகைகூடப் பெரிதாக இல்லை. பெரியவன் முதலில் தனியாகத்தான் போனான். கடைக்காரத் தம்பி, "அளவு எழுதிட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டாராம். சீட்டைக் காட்டினதும் உள்ளே போய்ச் சின்ன சைஸ் ஒன்றை எடுத்து வந்திருக்கிறார். சாதாரண வாக்கர் முப்பது அங்குலத்துக்கு இறங்காது, குள்ளமான ஆட்களுக்கென்று தனி சைஸ் உண்டு என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். நாலு காலையும் இரண்டாவது ஓட்டையில் மாட்டி, தரையில் வைத்து ஆட்டிப் பார்த்து, பட்டன் நாலும் முழுக்க வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, பழைய புஷ்களைக் கழற்றிப் புதுசு போட்டிருக்கிறார். புஷ்ஷுக்குள் ஒரு இரும்பு வட்டு வைத்தார் என்று பெரியவன் சொன்னான். அது இல்லாவிட்டால் குழாயின் விளிம்பு ரப்பரை உள்ளிருந்தே அறுத்துவிடுமாம். அட்வான்ஸ் 1,000, மாத வாடகை 350, புஷ் ஒன்று 40 ரூபாய்.

வாக்கர் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள் என்றுதான் சொல்வேன். எனக்கு அது ஐந்து வாரம்தான் தேவைப்பட்டது. மிச்சப்படும் பணத்தில் புஷ்ஷை மாற்றுங்கள். அடியில் வளையம் வளையமாக வரி இருக்கும், அந்த வரி மழுங்கினால் அது செத்த ரப்பர். வாரம் ஒருமுறை வெள்ளிக்கிழமை நான் அதைக் கவிழ்த்துப் பார்த்து, ஒட்டியிருக்கிற மண்ணை ஈரத்துணியால் துடைப்பேன். நூல்கூட வரிக்குள் புகுந்து கிடக்கும்.

நூலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பக்கம் இரண்டு சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றும் அந்தக் கடையில் இருந்தது. தூக்கித் தூக்கி வைக்க வேண்டாம், தள்ளினால் போதும், கையில் வலுவில்லாதவர்களுக்கு அதுதான் நல்லது. தறி வீட்டுக்கு அது சரிப்படாது. இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். கீழே உதிர்ந்து கிடக்கிற கழிவு நூல் சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொண்டது. ஒரு பக்கச் சக்கரம் உருளுகிறது, இன்னொன்று நிற்கிறது, வாக்கர் திரும்பிவிடுகிறது. நெசவு, தையல், பின்னல் எது நடக்கிற வீடானாலும் சக்கரம் இல்லாததையே எடுங்கள். தம்பி ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக் கொடுத்தார்.

நடக்கிற முறை: முதலில் வாக்கர், அப்புறம் ஆபரேஷன் கால், கடைசியில் நல்ல கால். வாக்கருக்குள் முழுக்கப் போய் அதன் முன்கம்பியில் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, பின்னால் சாய்ந்துவிடுவோம். திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். ஆபரேஷன் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு உடம்பை மட்டும் திருப்பினால் மூட்டு முறுக்கிக்கொள்ளும். சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து வட்டமாகத் திரும்ப வேண்டும். எனக்கு முதல் நாளிலிருந்தே தாங்குகிற அளவு எடை வைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லாருக்கும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சிலருக்குச் சில வாரம் காலை லேசாகத் தொட்டு வைத்தாலே போதும் என்பார்கள். உங்கள் டாக்டர் சொன்னதுதான் உங்களுக்கு, என்னைப் பார்த்து நடக்காதீர்கள்.

மூன்றாம் வாரம் தெருவில் இறங்கினேன். எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு, அதாவது தறியில் ஏற்றுகிற நீளவாக்கு நூல், நீட்டுவார்கள். முன்னே மாதிரி தினமும் இல்லை, வாரத்தில் ஒன்றிரண்டு நாள். இந்த முனையில் ஒரு கவட்டை, அந்த முனையில் ஒரு கவட்டை, நடுவில் பாவு நீளமாக நிற்கும். பனி விழுகிற நேரம், வண்டி வராது, தரையும் சமமாக இருக்கும். முதல் நாள் பாவில் கால்வாசி போய்த் திரும்பினேன். கவட்டை பிடித்திருந்த கிழவர் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் நான் வருகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் கவட்டையைத் தூக்கினார். அரைப் பாவு, முக்கால் பாவு. மாசி மகம் கழிந்து ஒரு நாள் முழுப் பாவும் நடந்து அந்த முனையைத் தொட்டபோது, நூலைத் தடவிக்கொண்டிருந்த நாலு பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் அழுதேன்.

இதற்கு நடுவில் கொழுந்தனார் தன் பழைய மரக்கட்டைகளைக் கொடுத்தனுப்பினார், கக்கத்தில் வைத்து நடக்கிறது. அன்போடு கொடுத்தார், அதனால் வாங்கிக்கொண்டேன். இரண்டாம் நாளே வலது கையில் மூன்று விரல் மரத்தது. பிசியோ பெண் பார்த்ததும் பதறிவிட்டாள். கக்கத்தில் கைக்குப் போகிற நரம்பு இருக்கிறது, கட்டையின் தலை அதை நசுக்கினால் கை செத்த மாதிரி ஆகிவிடும், கட்டைக்கும் கக்கத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி விட்டு உள்ளங்கையில்தான் எடை இறக்க வேண்டும் என்றாள். களைப்பாக இருக்கும்போது யாருக்கு அது நினைவிருக்கும்? நெய்கிறவளுக்கு விரல்தான் சோறு. அன்றைக்கே அதைப் பரணில் போட்டுவிட்டேன். பரம்பரையாக வருகிற கட்டைகளைத் தயவுசெய்து வயசானவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

ஆறாம் வாரம் எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஒற்றை எல்போ கிரட்ச்சுக்கு மாறச் சொன்னார்கள். முன்கையைச் சுற்றி ஒரு வளையம் பிடித்துக்கொள்ளும், எடை உள்ளங்கையில் இறங்கும். 850 ரூபாய்க்கு அதே கடையில் வாங்கினேன். வளையம் முழங்கையின் மடிப்புக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்கும்படி தம்பி சரிபார்த்துக் கொடுத்தார். அந்தப் பதினெட்டு அங்குலச் சந்தில் முதன்முறையாக நுழைந்து என் சமையல்கட்டுக்குப் போனது இதை வைத்துத்தான். நானே டீ போட்டேன். குறை என்று சொன்னால், கதவைத் திறக்கவோ காசை எடுக்கவோ கையை நீட்டும்போது வளையம் கையிலேயே தொங்கிச் சுவரில் இடிக்கும். கைப்பிடி கெட்டி பிளாஸ்டிக், வெயில் காலத்தில் வியர்வையில் நழுவும். பழைய வேட்டித் துணியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டினேன், அப்புறம் நழுவவில்லை.

எந்தக் கையில் பிடிப்பது? இந்தக் கேள்விக்குத் தெருவே பதில் சொல்ல வந்துவிடும். எனக்கு ஆபரேஷன் வலது காலில், கிரட்ச் இடது கையில். பார்க்கிற பெண்கள் எல்லாம் "வலிக்கற பக்கம் புடிங்க ஆயா, மாத்திப் புடிச்சிருக்கீங்க" என்றார்கள். பூக்காரம்மா ஒரு நாள் கையைப் பிடித்து மாற்றியே வைத்துவிட்டுப் போனார். மாற்றிப் பிடித்து நடந்தால் வலது பக்கமே மொத்த உடம்பும் சாய்ந்து, வாத்து மாதிரி ஆடியது. பிசியோ பெண்ணிடம் கேட்டேன். பட்டு நூல் நிறுக்கிற தராசை எடுத்து வரச் சொன்னாள்.

தராசின் நடு முள் இருக்கிற இடம்தான் உங்கள் வலது இடுப்பு என்றாள். வலது காலில் மட்டும் நிற்கும்போது உடம்பின் எடை முழுக்க முள்ளுக்கு இடது பக்கம் தொங்குகிறது. அதைச் சாயாமல் பிடிக்க வலது பக்கத்தில் புட்டச் சதை இழுக்கிறது. அந்தச் சதையோ முள்ளுக்கு வெகு கிட்டத்தில் இருக்கிறது. கிட்டத்தில் நின்று இழுப்பதால் உடம்பின் எடையை விட அதிகமாகப் பலம் போட்டு இழுக்க வேண்டியிருக்கிறது, அந்த இழுப்பு முழுக்க மூட்டின் மேலேதான் விழுகிறது. இடது கையில் தடியை ஊன்றினால் என்ன ஆகும்? முள்ளிலிருந்து தூரத்தில் இருக்கிற தட்டை அடியிலிருந்து தாங்குகிற மாதிரி. தூரத்தில் தாங்குவதால் கொஞ்சம் ஊன்றினாலே போதும், சதைக்குப் பாதி வேலை குறைகிறது. அவள் தட்டின் அடியில் சுண்டுவிரலை வைத்து லேசாகத் தூக்கினாள். முள் நேராக நின்றது. நாற்பது வருஷமாக நான் பிடிக்கிற தராசு. அதற்கப்புறம் தெருவில் யார் சொன்னாலும் கை மாற்றவில்லை. பூக்காரம்மாவுக்கும் அவர் கூடையிலிருந்த முழக்கோலை விரலில் நிறுத்தி விளக்கினேன், அவர் மாமியாருக்குத் தடியை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் ஆபரேஷன் காலும் முதலில். மறந்துவிடும் என்று சின்னவன் வாசற்படிக்கு மேலே சாக்பீசில் எழுதி வைத்தான். கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போனபோது, எழுதி வைக்காத படியிலும் கால் தானாக அந்த முறைக்கு வந்தது.

நாலு கால் கொண்ட கைத்தடியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கடையில் நடந்து பார்த்தேன், வாங்கவில்லை. நாலு காலும் ஒரே சமயத்தில் தரையில் படும் இடத்தில் அது உறுதி. எங்கள் தெருக் கல்லில் இரண்டு கால் மட்டும் பட்டு டக்கென்று ஆடும், குறுகலான படியில் நிற்கவே நிற்காது. சமதரை வீட்டுக்குள்ளேயே இருக்கிறவர்களுக்கு, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் வலுவில்லாதவர்களுக்கு, உதவும்.

எட்டாம் வாரத்திலிருந்து ஒற்றைக் கைத்தடி. அலுமினியம், உயரம் மாற்றலாம், 480 ரூபாய். குடைக் காம்பு மாதிரி வளைந்த பிடியை விட நேரான பிடி நல்லது. வளைந்த பிடியில் எடை முழுக்க உள்ளங்கையில் ஒரே இடத்தில் குத்தும். தறியில் நாடாக் கயிறு இழுத்துக் காய்த்துப்போன என் கையிலேயே குத்தியது என்றால் பாருங்கள். வளைந்த பிடிக்கு ஒரு சௌகரியம், கையில் மாட்டிக்கொள்ளலாம். பஸ்ஸில் போகிறவர்கள் அதற்காக எடுப்பதானால் எடுக்கலாம்.

கக்கூஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூன்று மாசத்துக்குக் குந்தக் கூடாது, இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடிக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, காலை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட்தான். ஓட்டை போட்ட இரும்பு நாற்காலி ஒன்றை அதே கடையில் மாசம் 250க்கு எடுத்தோம். முழங்காலை விட இடுப்பு மேலே இருக்கும்படி அதன் உயரத்தையும் தம்பிதான் வைத்துக் கொடுத்தார். படுக்கும்போது இரண்டு காலுக்கு நடுவில் தலையணை. இதற்குக் கடை வேண்டாம், இலவம்பஞ்சுத் தலையணை போதும்.

தறியைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. பிசியோ பெண் குழியின் விளிம்பில் தானே உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்த பிறகு நாற்காலி மாதிரிதான், கால் கீழே மிதியில் இருக்கும், அது பரவாயில்லை. குழியில் இறங்குவதும் ஏறுவதும், இழை அறுந்தால் முன்னால் குனிந்து முடிவதும்தான் ஆகாது. தறியையே ஒரு முழம் உயர்த்திக் கட்டி, பலகையில் உட்கார்ந்து நெய்யலாம் என்று பெரியவன் தச்சரிடம் பேசியிருக்கிறான். டாக்டர் மூன்று மாசம் முடியட்டும் என்கிறார். முடிய இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது, நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் வாக்கரைத் திருப்பிக் கொடுக்க நானே ஆட்டோவில் போனேன். எப்போதோ திருப்பியிருக்க வேண்டும், ராத்திரி எழுந்தால் வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் கட்டிலோரம் வைத்திருந்தேன். தம்பி எழுந்து வந்து, முதலில் நான் தடி பிடித்திருக்கிற கையைப் பார்த்தார், அப்புறம் நடையைப் பார்த்தார். அட்வான்ஸில் பைசா பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

கடையில் ஏற்காட்டுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். காபி எஸ்டேட்டில் வேலை. அம்மாவுக்கு அதே ஆபரேஷன், நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். நான் கொண்டுவந்த வாக்கரைப் பார்த்ததும் இதையே கொடுங்கள் என்றார். தம்பி கொடுக்கவில்லை. "வீடு ரோட்டு மேலயா, சரிவுலயா?" என்று கேட்டார். சரிவில், ரோட்டிலிருந்து பதினாலு படி இறங்கணும், மழை பெய்தால் படியில் பாசி என்றார் அவர். படியில் வாக்கர் ஆகாது, கீழ்நோக்கிச் சரிவில் அது ஆளை முன்னால் இழுக்கும், வீட்டுக்குள் வாக்கர், படிக்கு இரண்டு ஆள் பிடித்து இறக்கணும், படியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகுதான் இறக்கணும் என்று சொன்னார். "அம்மா என்ன உயரம்?"

அவர் தன் தோளுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். என்னை விடவும் குள்ளம். நான் எழுந்து செருப்போடு நின்று, கையைத் தொங்கவிட்டு, எங்கிருந்து எதுவரை அளக்க வேண்டும் என்று என் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினேன். தம்பி மேசையிலிருந்து டேப்பை எடுத்து அவரிடம் கொடுத்தார். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாயந்திரத்துக்குள் அளந்து வந்துவிடுகிறேன் என்று அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். வாக்கரைச் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டு, தம்பி அதன் புஷ் நாலையும் கழற்ற ஆரம்பித்தார்.